மார்த்தக்கா விட்டுவைத்த குரல்

பஞ்சர் ஒட்டும் சொலூஷன் வாசனை எங்கேயாவது மூக்கில் ஏறினால் எனக்குக் கோயில் ஞாபகம் வந்துவிடும். கோயில் என்றால் மாதா கோயிலோ மாரியம்மன் கோயிலோ இல்லை. ஓடு வேய்ந்த எங்கள் சபைக் கோயில். மற்றவர்களுக்கு மெழுகுவத்தியும் பூவும் ஞாபகப்படுத்துகிற கோயிலை எனக்குச் சைக்கிள் கடை ஞாபகப்படுத்துவதற்குக் காரணம் மார்த்தக்காவின் ஆர்மோனியப் பெட்டிதான். அதன் துருத்தியை எலியும் கரப்பானும் மாறி மாறிக் கடித்து வைக்க, மார்த்தக்கா பழைய சைக்கிள் ட்யூபை வெற்றிலை அளவு கத்தரித்து, சொலூஷன் தடவி, வாயால் ஊதிக் காயவைத்து ஒட்டிக்கொண்டே இருப்பார். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்டி மூச்சுவிட ஆரம்பித்ததும் ரப்பர் வாசனையும், உள்ளே போட்டிருக்கும் அந்துருண்டை வாசனையும், அவர் நெற்றியில் வழிகிற தேங்காயெண்ணெய் வாசனையும் ஒன்றாகக் கலந்து, முன்பாயில் உட்கார்ந்திருக்கும் எங்கள் மேல் வந்து விழும். அதில் ஒரு கட்டை மட்டும், அழுத்திய விரலை எடுத்த பிறகும் தன்பாட்டுக்கு இழுத்துக்கொண்டே கிடக்கும். "பால்குடி மறக்காத புள்ள இது" என்று சொல்லி மார்த்தக்கா நடுவிரலால் அதை ஒரு சுண்டு சுண்டினால்தான் அடங்கும். அதற்கு "அழுவுற கட்டை" என்று பெயர். பாட்டு முடிந்து எல்லாரும் கண்ணை மூடி ஜெபத்துக்குத் தலை குனிந்த பிறகு அந்தக் கட்டை மட்டும் அழும்; அப்புறம் ஒரு "டொக்"; அதற்குப் பிறகுதான் ஆமென்.

திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது எங்கள் குடியிருப்பு. ஒரு காலத்தில் எல்லாரும் பிறத்தியார் நிலத்தில் நாற்று நட்டவர்கள். என் சின்ன வயதில் சிலர் கல் உடைக்கவும், சிலர் சவுக்கு வெட்டவும், இரண்டொருவர் ஆபீசில் பியூனாகவும் போக ஆரம்பித்திருந்தார்கள். எங்கள் நைனா சவுக்கு லாரியில் லோடு ஏற்றுகிறவர். தெருவின் கிழக்குக் கோடியில் கோயில், மேற்குக் கோடியில் எங்கள் வீடு. மத்தியானம் சாய்ந்ததும் கடல்காத்து கிளம்பிவிடும். கடலிலிருந்து கிளம்பி, கோயிலைத் தொட்டு, வேர்க்கடலை கொல்லையைத் தாண்டி எங்கள் வாசலில் வந்து முடியும். கோயிலில் யாராவது தும்மினால்கூட எங்கள் வீட்டில் கேட்கும். எங்கள் வீட்டில் கத்தினாலும் கோயிலுக்குக் கேட்காது. காற்று அப்படி. இதை இங்கேயே சொல்லி வைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

மார்த்தக்கா செய்யூர் பக்கத்துக்காரர். எங்கள் சபைக்குப் "பைபிளம்மா"வாக வந்தவர். போதகர் பல ஊர்ச் சபைகளைச் சேர்த்துப் பார்க்கிறவர், எப்போதாவதுதான் வருவார். மீதி நாளெல்லாம் எங்களுக்குக் கோயில் என்றால் மார்த்தக்காதான். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு, "பொண்ணு பாக்க வந்தவங்க எல்லாம் என் பாட்ட கேட்டாங்க, யாரும் என்ன கேக்கல" என்பார். பிரசவம் பார்த்த வீட்டில் தீட்டுத்துணி துவைப்பார், குடித்துவிட்டுத் தெருவில் விழுந்தவனைத் தூக்கிவந்து நறுக்கென்று நாலு வார்த்தை திட்டிச் சோறு போடுவார், பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளைக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார். இந்து வீடு, கிறிஸ்தவ வீடு என்று பார்த்ததில்லை. யாராவது ஜெபத்தில் ஓங்கிக் குரல் எழுப்பினால், "சாமிக்கு நல்லா காது கேக்கும்டா. பஞ்சாயத்து ஆபீசுக்குப் போயி இப்புடிக் கத்து, அங்கதான் கேக்கல" என்பார். எனக்கு வசனங்களைவிட இந்தப் பேச்சுகள்தான் மனப்பாடம்.

அவர் எங்கள் சபைக்குக் கொண்டுவந்த புதுசு, "ரெண்டாங்கொரல்". எல்லாரும் ஒரே ராகத்தைப் பாடிக்கொண்டிருந்த ஊரில், ஒருத்தி மட்டும் கீழே இறங்கி வேறு ராகம் பாட வேண்டும், இரண்டும் சேர்ந்தால்தான் பாட்டு என்று சொல்லிக்கொடுத்தார். அதற்கு அவர் தேர்ந்தெடுத்தது என் அம்மாவை. அம்மா பெயர் எப்சி. களை எடுக்கப் போகிற இடத்தில்கூட அம்மா அந்தக் கீழ்க்குரலை மட்டும் தனியே முனகிப் பழகும். தனியாகக் கேட்டால் அது பாட்டு மாதிரியே இருக்காது. படாளத்திலிருந்து ஒரு பண்டிகைக்கு வந்திருந்த அத்தை, அதாவது நைனாவின் அக்கா, கோயிலை விட்டு வெளியே வந்ததும் நைனாவிடம், "ஊரே ஒண்ணு பாடுது, ஒம் பொண்டாட்டி மட்டும் வேறயா பாடறா. வூட்லயும் இப்புடித்தானா?" என்று கேட்டது. மார்த்தக்கா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா வராத ஞாயிற்றுக்கிழமையில் வேறு யாராவது கீழ்க்குரலில் இறங்கினால், "அவ எடத்துல கை வெக்காத" என்று கண்ணாலேயே அதட்டுவார்.

மார்த்தக்காவுக்கு இன்னொரு வழக்கம் இருந்தது. அதுதான் அவருக்கு வினையாகப் போயிற்று. படுத்த படுக்கையாய்க் கிடக்கிறவர்கள் வீட்டுக்குப் பெட்டியோடு போவார். போனதும் பாட மாட்டார். முதலில் வெந்நீர் வைத்து உடம்பைத் துடைப்பார், நகம் வெட்டுவார், தலை வாரிவிடுவார், சன்னலை மூடி வைத்திருந்தால் திறந்துவிடுவார். எல்லாம் முடிந்த பிறகு பெட்டியைத் திறந்து, "இன்னா பாட்டு வேணும், சொல்லு" என்று படுத்திருப்பவரையே கேட்பார். சிலர் கோயில் பாட்டு கேட்பார்கள், சிலர் சினிமாப் பாட்டு. எதைக் கேட்டாலும் பாடுவார். ஆனால் பாருங்கள், எங்கள் சனங்கள் அவரை எப்போது கூப்பிட்டார்கள்? செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கைவிரித்து, வைத்தியர் கைவிரித்து, சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பிய பிறகுதான். கடைசியில் கூப்பிட்டதால் அவர் பாடிய வீடெல்லாம் சாவு வீடானது. கூட்டிக் கழித்துப் பார்த்த ஊர், தலைகீழாகப் புரிந்துகொண்டது. மார்த்தக்கா பெட்டியைத் திறந்தால் ஆள் தேறாது என்று பேச ஆரம்பித்தார்கள். முதலில் கிசுகிசு, அப்புறம் விளையாட்டு; "இரு, மார்த்தக்காவ கூட்டியாறேன்" என்று சண்டையில் சாபம்கூட விட்டார்கள். பிறகு அதுவே நிசமாகிப்போனது.

எனக்கு மூன்றாம் வகுப்பு முடிந்த கோடையில் அம்மாவுக்குக் கண் மஞ்சளானது. வயிறு வீங்கியது. கீழாநெல்லி அரைத்துக் குடித்தும் இறங்கவில்லை. நைனா செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய், அங்கேயே தரையில் படுத்துக் கிடந்து, ஒருநாள் அம்மாவைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். "வூட்டுக்குப் போயி, கேக்கறத குடுங்கன்னு சொல்ட்டாங்க" என்று வாசலில் நின்று அவர் சொன்னதும் தெருவில் நின்றவர்கள் தலை குனிந்து அவரவர் வாசலுக்குத் திரும்பினார்கள். எனக்கு மட்டும் சந்தோஷம். கேட்டதையெல்லாம் கொடுக்கச் சொன்னால் நல்ல செய்திதானே என்று நினைத்தேன்.

அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மார்த்தக்காவ வரச் சொல்லு."

அம்மாவைப் பார்த்துக்கொள்ள அத்தை படாளத்திலிருந்து வந்துவிட்டிருந்தது. அத்தையைக் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். அம்மாவின் வாந்தியை முகம் சுளிக்காமல் கையில் ஏந்தியவள் அவள். ஆனால் மார்த்தக்கா பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கள் படல் வரை வந்தபோது, அத்தை வெளியே போய்ப் படலைச் சாத்திவிட்டுக் குறுக்கே நின்றது.

"நீ நல்லவதாம்மா. நான் இல்லேங்கல. ஆனா ஒன் ராசி நல்லால்ல."

"ராசியா? ஞானஸ்நானம் வாங்கும்போதே அத கெணத்துல போட்டுட்டேனே."

"கெணத்துல போட்டது ஊர் தண்ணியில கலந்துகினு கீது போல. வேணாம்மா. எங்க தம்பிக்கு பொண்டாட்டி வேணும்."

"பாடல. தலைய மட்டும் வாரி உட்டுட்டுப் போறேன். பெட்டிய இங்கியே வெச்சுடறேன்."

"நீ வந்தாலே அவளுக்குப் புரிஞ்சிடும்" என்றது அத்தை. சொல்லும்போது அதன் குரல் உடைந்துவிட்டது. மார்த்தக்கா படலோரம் இறக்கியிருந்த பெட்டியை மறுபடி தலையில் ஏற்றிக்கொண்டு கிழக்கே நடந்தார். நைனா வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். உள்ளே அம்மா, "யார்கூட பேசிகினு இருந்தீங்க?" என்று கேட்டது. "மோருக்காரி" என்றது அத்தை.

மறுநாள் சாயந்திரம் காற்று கிளம்பியதும் கோயிலிலிருந்து பாட்டு வந்தது. அது பண்டிகைக் காலமில்லை, பாட்டுப் பழகுகிற நாளும் இல்லை. வேலை முடிந்து வந்த பெண்களை முகம்கூடக் கழுவ விடாமல் மார்த்தக்கா பிடித்துக்கொண்டு போயிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. "இன்னாக்கா, இன்னா பண்டிகை வருது?" என்று ஒருத்தி கேட்டதற்கு, "பண்டிகை வந்தாத்தான் வாயத் தொறப்பியா? வாய வாடகைக்கு உட்டுக்கீறியா?" என்றாராம். பாடியது அந்திப் பாட்டு. கிழக்குச் சன்னலையும் மேற்குச் சன்னலையும் நன்றாகத் திறந்து வைத்திருந்தார்கள். சுவர்ப்பக்கம் பார்த்துப் படுத்திருந்த அம்மா கண்ணைத் திறந்தது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "ரெண்டாங்கொரல காணோமே" என்றது.

காணோம்தான். எல்லாரும் மேல் ராகத்தையே பாடினார்கள். கீழ்க்குரல் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. ஒரு அடி பாடியதும் நின்றார்கள், அழுவுற கட்டையின் "டொக்" கேட்டது, மறுபடி அதே அடியை முதலிலிருந்து எடுத்தார்கள். இரண்டாவது தடவையில் அம்மாவின் உதடு அசைந்தது. அப்புறம் தொண்டைக்குள்ளிருந்து, பஞ்சு மாதிரி, அந்தக் கீழ்க்குரல் வெளியே வந்தது. வாசலில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அத்தை முறத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து, "இன்னாத்துக்கு முனவுற எப்சி? எங்க வலிக்கிது? வெந்நீ வெக்கட்டா?" என்று பதறியதும், அம்மா அத்தனை நாளைக்கப்புறம் முதல் தடவையாகச் சிரித்தது. அத்தை அதைத் தினமும் நடக்கிற கோயில் பாட்டு என்று நினைத்துக்கொண்டது. நிறுத்தச் சொல்லத் தோன்றவில்லை.

காலையில் அடிபம்பில் மார்த்தக்கா எனக்கு முன்னால் வந்து நின்றிருந்தார். என் குடத்தை வாங்கி வைத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அடிக்காமல் என்னைப் பார்த்தார்.

"நேத்து பாடினாளா?"

"பாடுச்சி."

"எதுவரிக்கும்?"

"கடைசி அடி வரிக்கும்."

அதற்கப்புறம்தான் தண்ணீர் அடித்தார். குடம் நிறைந்து வழிந்தும் அடித்துக்கொண்டே இருந்தார். காற்று அங்கிருந்து இங்கே மட்டும் வீசுகிற ஊரில், அவர்கள் விட்டுவைத்த இடத்தில் யாராவது பாடினார்களா என்று அவருக்குத் தெரிந்துகொள்ள வேறு வழியில்லை. அதிலிருந்து தினமும் காலையில் அதே கேள்வி, நான் சொல்கிற பதில், சாயந்திரம் அதே பாட்டு. கோயிலில் பெண்கள் சலித்துக்கொண்டார்கள்; ஒருத்தி, "எப்சி இல்லாம பாட்டு மொட்டையா கீதுக்கா, நான் வேணா கீழ எறங்கட்டா?" என்று கேட்டதற்கு மார்த்தக்கா, "எறங்கின, காலை ஒடைப்பேன்" என்றாராம்.

நாளாக ஆக அம்மாவின் குரல் அடிக்கு அடி குறைந்துகொண்டே வந்தது. கடைசி அடி வரை போனது மூன்றாம் அடியோடு நின்றது, பிறகு முதல் அடிக்குள்ளேயே மூச்சு வாங்கியது. நான் இருந்ததை இருந்தபடிதான் சொன்னேன். ஒருநாள் காலையில் "பாடினாளா?" என்று கேட்டபோது என்னால் தலையை மட்டும்தான் ஆட்ட முடிந்தது, இல்லை என்று.

மார்த்தக்கா கைப்பிடியை விடவில்லை. பின்னால் குடத்தோடு நின்றவர்கள், "இன்னாக்கா, அடிக்கப் போறியா, நிக்கப் போறியா?" என்று கத்தினார்கள்.

"காதாவது கேக்குதா அவளுக்கு?"

"கேக்குது. வெரல ஆட்டிகினு இருந்துச்சி."

அன்று சாயந்திரம் காற்று கிளம்பி வெகுநேரம் கோயிலில் சத்தமே இல்லை. பிறகு பெட்டி மட்டும் மூச்சுவிட்டது. பாட வந்தது ஒரே குரல், மார்த்தக்காவினுடையது. அவர் மேல் ராகத்தைப் பாடவில்லை. கீழ்க்குரலைப் பாடினார். அத்தனை நாளும் விட்டுவைத்திருந்ததை அன்றைக்கு அவரே எடுத்துக்கொண்டு, மற்றவர்களையெல்லாம் சும்மா உட்காரவைத்துவிட்டு, அம்மாவின் பங்கை முதல் அடியிலிருந்து கடைசி அடி வரை தனியாகப் பாடினார். "இன்னா பாட்டு இது, தலையும் இல்லாம காலும் இல்லாம" என்றது அத்தை. அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. கண்ணீர் பக்கவாட்டில் இறங்கிக் காதுக்குள் போனது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னுத அவ பாடறா" என்றது.

அது ஆறுதலா, குறையா? "இனி நான் பாட வேணாம்" என்ற நிம்மதியா, இல்லை "அதுக்குள்ள எடுத்துகினாளே" என்ற மனத்தாங்கலா? எத்தனையோ தடவை அந்த வார்த்தையை அதே குரலில் எனக்குள்ளேயே திரும்பச் சொல்லிப் பார்த்துவிட்டேன். தெரியவில்லை.

நைனா அந்தப் பாட்டில் எதைக் கேட்டாரோ, எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நான் போயி அவங்கள கூட்டியாறேன்" என்றார். அத்தை படலருகில் போய் நின்று, "போ தம்பி. நான் தடுக்கல. நாளிக்கி ஒண்ணு ஆச்சினா, நீதான் கூட்டியாந்தேன்னு ஒன் மனசே ஒன்ன சும்மா உடாது, பாத்துக்க" என்றது. நைனா கோயில் பக்கம் பார்த்துக்கொண்டே நின்றார். பாட்டு முடிந்தது. "டொக்" கேட்டது. அவர் மறுபடி வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை, அடிபம்பில் கூட்டம் சேருகிற நேரத்துக்கு, அம்மா போய்விட்டது.

சாவு வீட்டுக்கு யாரையும் தடுக்கிறதில்லை அல்லவா? மார்த்தக்கா உள்ளே வந்தார். வெந்நீர் வைத்தார், அம்மாவின் உடம்பைத் துடைத்தார், நகம் வெட்டினார், சிக்கெடுத்துத் தலை வாரினார். முன்பே வந்து செய்ய நினைத்ததையெல்லாம் இப்போது செய்தார். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து சீப்பை எடுத்து எடுத்துக் கொடுத்தது. அடக்கத்துக்குக் கூட்டம் முழுக்கப் பாடியபோது மார்த்தக்கா பெட்டியை மட்டும் வாசித்தார், வாயைத் திறக்கவில்லை.

ஊர் வாயைத் திறந்தது. "வூட்டுக்குள்ள காலே வெக்கல, கோயில்லேர்ந்தே பாடி எடுத்துட்டா" என்றார்கள். அதற்கப்புறம் யார் வீட்டில் யார் படுத்தாலும், அந்த வீட்டிலிருந்து ஒருவர் கோயிலுக்குப் போய், தலையைச் சொறிந்துகொண்டு, "எங்க மாமனாருக்கு ஒடம்புக்கு முடியில... கொஞ்ச நாளிக்கி பெட்டிய தொறக்காத இருக்கா" என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு தெருவில் எப்போதும் யாராவது ஒருவர் படுத்துக்கொண்டுதானே இருப்பார்கள்? பெட்டி ஞாயிற்றுக்கிழமைப் பெட்டியானது, பிறகு பண்டிகைப் பெட்டியானது. மார்த்தக்கா ஒருத்தரிடமும் சண்டை போடவில்லை. "வாய்க்குத்தான் தடை போட்டீங்க, கைக்கு இல்லியே" என்று சொல்லிவிட்டு, வாயை மூடிக்கொண்டு வீடு வீடாகப் போய் உடம்பு துடைத்தார், கஞ்சி ஊட்டினார். அதை எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள்.

அடிபம்பில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் குடத்தை வாங்கி நிரப்பித் தருவார். ஏதோ கேட்க வருவது மாதிரி வாய் திறக்கும், மூடிக்கொள்ளும். அந்தக் கடைசி சாயந்திரம் அம்மா என்ன சொன்னது என்று அவர் கேட்கவே இல்லை. சொல்ல எனக்கும் வயது போதவில்லை. வயது வந்தபோது நான் ஊரில் இல்லை.

இப்போது நான் ஊரப்பாக்கத்தில் குடியிருக்கிறேன். முடிகிறபோது ரயிலில் செங்கல்பட்டு வந்து, பஸ் மாறி ஊருக்குப் போய்வருகிறேன். ஓட்டுக் கோயிலை இடித்துக் கட்டிவிட்டார்கள். பளிங்குத் தரை, ஸ்பீக்கர் பெட்டிகள், விரலை எடுத்ததும் அடங்கிப்போகிற கீபோர்டு. கீழ்க்குரலில் இறங்க ஆளில்லை. எல்லாரும் மைக்கில் ஒரே ராகத்தைப் பாடுகிறார்கள். வேர்க்கடலை கொல்லை இருந்த இடத்தில் மாடி மாடியாக வீடுகள் எழும்பி, கடல்காத்து எங்கள் வாசல் வரை வருவதில்லை. அடிபம்பு இருந்த இடம் இதுதான் என்று காட்ட எனக்கே கொஞ்சம் யோசனையாக இருக்கிறது. பெட்டி எங்கே போயிற்று என்று கேட்டதற்கு யாருக்கும் தெரியவில்லை.

மார்த்தக்கா இருக்கிறார். கோயிலுக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் சபையார் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். காது சுத்தமாகக் கேட்காது. ஆட்களையும் மறந்துவிட்டார். நான் போனால் வெந்நீர் வைத்து அவர் உடம்பைத் துடைக்கிறேன், நகம் வெட்டுகிறேன், மிச்சமிருக்கும் முடியை வாரிவிடுகிறேன். அத்தனையும் செய்ய விட்டுவிட்டு, என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, ஒவ்வொரு தடவையும் ஒன்றையே கேட்கிறார்:

"நேத்து பாடினாளா?"

அவர் எந்தக் காலையில் நின்றுகொண்டு கேட்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா கடைசி அடி வரை பாடிய காலையா, நான் இல்லை என்று தலையாட்டிய காலையா? அம்மா சொன்னதை இப்போதாவது சொல்லிவிடலாம் என்றால், அவருக்குக் காது கேட்காது. காது கேட்டாலும், அம்மா அதை எந்த அர்த்தத்தில் சொன்னது என்று எனக்கே தெரியாது. ஆம் என்று மட்டும் தலையை ஆட்டுகிறேன்.

"அப்ப இன்னிக்கும் ரெண்டாங்கொரல உட்டு வெச்சிடலாம்" என்கிறார், எனக்குப் பின்னால் யாரோ உட்கார்ந்திருப்பது போல அங்கே பார்த்து. இடது கை இல்லாத துருத்தியைத் தள்ளுகிறது, வலது கை கட்டில் சட்டத்தில் ஓடுகிறது. வாய் மூடியே இருக்கிறது. ஒரு இடத்தில் விரல்கள் நிற்கின்றன. நடுவிரல் சட்டத்தை ஒரு சுண்டு சுண்டுகிறது. பிறகு தலையைச் சாய்த்து, அழுவுற கட்டை அடங்கிவிட்டதா என்று காதைத் தீட்டிக்கொண்டே இருக்கிறார்.